பொதுப்பாடம் வேண்டாமென்று வென்ற நாம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைத்துவிட்டு, நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரியாமல் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் மாணவர் பேரவைத் தலைவர் அவர்களே. நம்மோடு மோதித் தோற்றபின்பும் நம் வெற்றி விழாவுக்கு வந்து, முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே. விடியும் முன் எழுந்து, வேலைகளை முடித்து, எங்களை விரட்டி விரட்டிக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும் தாய்மார்களே. அந்தத் தாய்மார்களின் நடுவில், தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்து, அடுத்த இருக்கைக்காரரிடம் "அது என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் அம்மா அவர்களே. வெயிலில் நின்று, தொண்டை வறளக் கத்தி, நான் சொன்ன ஒரே சொல்லுக்காக வகுப்பை விட்டு வெளியே வந்த என் தோழர்களே, தோழியர்களே. உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம். தலை தாழ்ந்த என்பதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு அது நிமிர மறுக்கிறது.

கைதட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், தட்டிய கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்கிறீர்கள், தம்பி, பின்னால்? சத்தம் கேட்கவில்லையா? ஒலிபெருக்கிக்காரரே, கொஞ்சம் கூட்டி வையுங்கள். நான் சொல்லப்போவது எனக்கே கேட்கப் பிடிக்காத செய்தி. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும்.

எனக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. சிவப்பு எழுத்தில், ஆள் உயரத்தில் ஓர் எண். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இந்தக் கல்லூரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மாணவர்கள் பொதுப்பாடம் வேண்டாம் என்கிறார்கள் என்று அந்த எண் முழங்குகிறது. அந்த எண்ணை எழுப்பியவள் நான். அந்த எண்ணை ஏந்தியவள் நான். அந்த எண்ணைக் காட்டிக் கல்விக்குழுவைக் கவிழ்த்தவள் நான். இப்போது அதே எண்ணின் அடியில் நிற்கிறேன், கூசிப்போய் நிற்கிறேன்.

பெற்றோர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் பிள்ளையை எந்தத் துறையில் சேர்த்திருந்தாலும், அந்தத் துறைப் பாடங்களோடு, துறைக்கு வெளியே சில பாடங்களையும் அவர்கள் படித்தாக வேண்டும் என்பது இங்கே விதி. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், ஒரு கலை, எழுத்துப் பயிற்சி, அப்புறம் 'தகவலும் தர்க்கமும்' என்று ஒரு வகுப்பு. இவற்றைத்தான் பொதுப்பாடம் என்கிறோம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது.

நாம் கேட்டோம். கட்டடம் கட்டப்போகிறவளுக்கு வரலாறு எதற்கு? படம் வரைகிறவளுக்குப் புள்ளிவிவரம் எதற்கு? கணக்கு எழுதப்போகிறவனுக்குக் கவிதை எதற்கு? கேட்டது தவறா? தவறே இல்லை. அந்த வகுப்புகள் நடந்த லட்சணம் நமக்குத் தெரியாதா? பெரிய கூடம், சின்ன ஒலிபெருக்கி, பின்வரிசையில் சுற்றும் விசிறி, விசிறிக்குக் கீழே சாயும் தலைகள். துறைக்குள் மனஸ்தாபம் வந்தால் அந்த ஆசிரியரைத் தண்டிக்கவே பொதுப்பாடம் எடுக்க அனுப்பினார்கள். முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள், ஐயா. அனுபவம் பேசுகிறது என்று நினைக்கிறேன். தண்டனையாக அனுப்பப்பட்டவர் பாடம் நடத்தினால், தண்டனையாகத்தானே நாங்கள் கேட்போம்? ஆக, பழியில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது நம் பங்கைப் பற்றி.

நுழைவாயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டோம். வகுப்பைப் புறக்கணித்தோம். முழக்கம் வேண்டும் என்றார்கள், முழக்கம் கொடுத்தவளும் நான்தான். 'தகவலும் வேண்டாம், தர்க்கமும் வேண்டாம்' என்று நான் கத்த, நீங்கள் திருப்பிக் கத்த, மாடி ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. ஒரு கல்லூரியின் வாசலில் நின்று, படிக்க வந்த பிள்ளைகளான நாம், தகவல் வேண்டாம் தர்க்கம் வேண்டாம் என்று தாளம் போட்டோமே, அதில் ஒருவருக்காவது சிரிப்பு வந்ததா? இப்போது வருகிறது, இல்லையா? எனக்கு வரவில்லை.

கல்விக்குழு நம்மை அழைத்தது. "சும்மா கத்தினா ஆகாது. எத்தனை பேருக்கு இது வேண்டாம்? காட்டுங்க" என்றார்கள். நியாயமான கேள்வி. நான் வெளியே வந்து யோசனை சொன்னேன். பந்தலில் தேநீர் கொடுக்கும் இடத்தில் இரண்டு வாளி வைப்போம். பொதுப்பாடம் வேண்டாம் என்றால் சிவப்புப் பாட்டில் மூடி, வேண்டும் என்றால் வெள்ளை மூடி. மூடியைப் போடு, தேநீரை எடு. என் உயிர் நண்பன் ஒருவன் நாள் முழுக்க வாளிக்குப் பக்கத்தில் நின்றான். அன்றிலிருந்து அவனுக்கு 'வாளி' என்றே பெயர். அதோ, மூன்றாம் வரிசையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். முறைக்க அவனுக்குக் காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

சாயங்காலம் எண்ணினோம். சிவப்பு வாளி நிரம்பி வழிந்தது. வெள்ளை வாளியில் அடி தெரிந்தது. ஆடினோம், பாடினோம், ஆளுயரப் பதாகை அடித்தோம். மறுநாள் மனுவில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். நீள்மேசையைச் சுற்றி அத்தனை பேராசிரியர்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருவர் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு ஒருவர் பார்த்தார். தொண்ணூற்றாறா என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். ஒருவர், ஒரே ஒருவராவது, "யாரைக் கேட்டீங்க?" என்று கேட்டாரா? கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டார்கள். பொதுப்பாடம் இனிக் கட்டாயமில்லை, இந்த ஆண்டு பட்டம் பெறுகிறவர்களுக்கும் இது பொருந்தும், நாளைக் காலை கையெழுத்து. அதற்குத்தான் இன்றைக்கு இந்த விழா.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். எனக்கு ஒரு தங்கை. இதே கல்லூரியில் ஓவியத்துறை, முதலாண்டு. விரல் நுனியெல்லாம் எப்போதும் ஏதாவது ஒரு வர்ணம். நேற்று சாயங்காலம் சமையலறை மேசையில் அம்மா வெங்காயம் நறுக்குகிறார், நான் இன்றைய வெற்றிப் பேச்சை எழுதுகிறேன், அவள் வீட்டுப்பாடம் செய்கிறாள். திடீரென்று பேச்சைத் தொடங்கினாள்.

"அக்கா, உங்க வாளிக் கணக்கைத்தான் இன்னிக்கு எங்க வகுப்புல குடுத்தாங்க."

"எந்த வகுப்புல?"

"தகவலும் தர்க்கமும். இதுல என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சு எழுதிட்டு வரணுமாம்."

"அதுல என்ன கோளாறு இருக்கு? ஒவ்வொரு மூடியா நாங்களே எண்ணினோம்."

"எண்ணினது சரிதான். மூடி போட்டது யாரு?"

"மாணவங்க."

"எந்த மாணவங்க?"

"பந்தலுக்கு வந்தவங்க."

"பந்தலுக்கு எதுக்கு வந்தாங்க?"

அதற்குமேல் அவள் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பெரியோர்களே, கேளுங்கள் நாங்கள் செய்த காரியத்தை. வகுப்பு வேண்டும் என்றவன் வகுப்புக்குப் போய்விட்டான். வகுப்பு வேண்டாம் என்றவன் பந்தலுக்கு வந்தான். வகுப்புக்குப் போனவனை விட்டுவிட்டு, வகுப்பைப் புறக்கணித்தவனைப் பிடித்து, வகுப்பு வேண்டுமா என்று கேட்டோம். அவன் வேண்டாம் என்றான். அதிசயமாம், அதைப் பதாகையில் அடித்து மாட்டிவிட்டோம். நம்மை நாமே கேட்டு, நாமே பதில் சொல்லி, நமக்கு நாமே வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம்.

எனக்குக் கோபம் வந்தது. தவறு செய்தவருக்கு முதலில் வருவது அதுதானே. "ஒரு வருஷம் முழுசா படிச்சு முடிக்கல, நீ எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா?" என்று பாய்ந்தேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் அன்னிக்கு வகுப்புலதான்க்கா இருந்தேன். பந்தல்ல யாரும் என்னைக் கேக்கல, சரி. வீட்டுக்கு வந்தேனே, ஒரே ரூம்லதானே படுக்கிறோம். நீகூடக் கேக்கலையே."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியபடி, "ரெண்டு பேரும் சண்டை போடாம தட்டை எடுத்து வைங்க" என்றார். தட்டை எடுத்து வைத்தேன்.

நான் கட்டடப் பொறியியல் படிக்கிறவள். தளம் போடும்போது கான்கிரீட் கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கட்டியாக வார்த்து, இறுகியதும் உடைத்துப் பார்த்து வலு சோதிப்போம். அந்தக் கலவையை எங்கேயிருந்து எடுக்க வேண்டும்? இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், முதல் வண்டியில் கொஞ்சம், கடைசி வண்டியில் கொஞ்சம். நன்றாக இருக்கிற ஒரே இடத்தில் எடுத்து, கட்டடம் முழுவதும் இப்படித்தான் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னால், அவரை நான் சும்மா விடுவேனா? அவர் போட்ட தளத்தில் ஒரு குழந்தையை நடக்க விடுவேனா? கலவைக்குத் தெரிந்த நியாயம் எனக்குத் தெரியும். மனிதர்களுக்கும் அதே நியாயம்தான் என்பது தெரியவில்லை. என் துறைக்குள் நான் கெட்டிக்காரி. வாசலைத் தாண்டி ஓரடி வைத்ததும் வாளியோடு நிற்கிறேன். துறைக்கு வெளியே எதுவும் வேண்டாம் என்று போராடிய பெண், துறைக்கு வெளியே கால் வைத்த முதல் இடத்திலேயே குப்புற விழுந்தாளே, இதைவிடக் கேவலம் எனக்கு வேறென்ன வேண்டும்?

யாரோ கத்துகிறீர்கள். "விடுங்கக்கா, ஜெயிச்சாச்சு" என்கிறீர்களா? ஜெயித்தோம். யாரை ஜெயித்தோம்? அதைத்தான் இன்றைக்குச் சாயங்காலம், விழா தொடங்கும் முன், தேடிப் போனேன். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் பந்தல் பக்கம் வந்ததே இல்லை, அவர்கள் வரும்போது நாம் தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருப்போம். அங்கே ஒருவர், பகலில் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை, மாலையில் வணிகவியல் படிப்பு. "பொதுப்பாடத்தையே எடுத்துட்டா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துட்டாங்களே. எடுத்தப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

அவரே சொன்னார். "நாளெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிட்டுட்டு வர்றேன். சாயங்காலம் இங்க வந்தா வரவு, செலவு. நடுவுல அந்த வரலாற்று வகுப்பு ஒண்ணுதான். அதுல நான் கேள்வி கேப்பேன். வேற எங்கயும் நான் கேள்வி கேக்கறதில்ல, பதில்தான் சொல்றேன்."

பக்கத்திலேயே இன்னொருவர், "எடுத்தது நல்லதுங்க, எனக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். அதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் வேண்டும் என்றார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஒரு வராந்தாவில் நின்று நாலு பேரிடம் பேசிவிட்டு இன்னொரு பதாகை அடிக்க நான் தயாரில்லை.

என்ன அங்கே? "இங்கேயே கை தூக்கச் சொல்லுங்க" என்கிறாயா, தம்பி? உட்கார், கண்ணா. பொதுப்பாடம் ஒழிந்ததைக் கொண்டாட வந்த கூட்டத்திடம், பொதுப்பாடம் வேண்டுமா என்று கை தூக்கச் சொன்னால், இந்த மண்டபமே ஒரு பெரிய வாளி. ஒரு தவறை எத்தனை முறைதான் செய்வது?

தலைவர் அவர்களே, உங்களிடம்தான் முதலில் வந்தேன். மேடைக்குப் பின்னால் வைத்து எல்லாம் சொன்னேன். நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்காகத்தான் பேசினீர்கள். "நாளைக்குக் கையெழுத்து ஆகட்டும். அப்புறமா பேசிக்கலாம். உன் நிலைமையையும் யோசிச்சுப் பாரு" என்றீர்கள். நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துத்தான் மேடைக்கு அழைத்தீர்கள். யோசித்தேன். அந்த நிலைமை என்ன என்று இந்த அவைக்குச் சொல்லாமல் நான் இறங்கினால், இதுவரை பேசியதெல்லாம் வெறும் வாய்ஜாலம்.

நான் இறுதியாண்டு. 'தகவலும் தர்க்கமும்' வகுப்பை நான் இன்னும் முடிக்கவில்லை. ஒவ்வொரு பருவமும் அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன், தள்ளிவைக்க இனிமேல் பருவம் இல்லை, இந்தப் பருவத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. விதி போய்விட்டால் எனக்கு இந்த ஆண்டே பட்டம். விதி இருந்தால் இல்லை. ஒரு கட்டுமான நிறுவனம் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது, பட்டத்தோடு வந்தால். 'வாளி'க்கும் இதே கதை. அவனுக்கு எழுத்துப் பயிற்சி பாக்கி. முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்னும் சிலருக்கும் இதேதான். அவர்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன், அவர்கள் கண்களை என்னால் பார்க்கவும் முடியவில்லை. மாணவர் உரிமை, மாணவர் குரல் என்று முழங்கினேனே, அந்த முழக்கத்துக்குள் என் சொந்தச் சௌகரியமும் சுருண்டு படுத்திருந்தது. எனக்காக நீங்கள் வெயிலில் நின்றீர்கள். அது தெரியாமல் நின்றீர்கள்.

மேடை ஏறுவதற்கு முன் கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். மனுவில் கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மனு இல்லையென்றால் நாளை கையெழுத்திட ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

சத்தம் போடுங்கள். திட்டுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. எழுந்து போகிறவர்களைத் தடுக்காதீர்கள், வழி விடுங்கள். 'வாளி', நீயும் போவதென்றால் போ. நாளைக்கு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன், அப்போதும் திட்டு.

இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போராட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூங்கவைக்கும் வகுப்பு வேண்டாம் என்று போராடுவோம். தண்டனையாக ஆசிரியரை அனுப்பாதீர்கள் என்று போராடுவோம். பகலில் படிப்பவரைக் கேட்போம், மாலையில் படிப்பவரைக் கேட்போம். நம்மை ஆதரிப்பவரைக் கேட்போம், நம்மைக் கண்டால் முகம் திருப்புபவரையும் கேட்போம். எல்லோரையும் கேட்டபின்பும் பொதுப்பாடம் வேண்டாம் என்று கல்லூரியே சொன்னால், முதல் முழக்கம் நான் போடுகிறேன். ஆனால் நாம் கேட்காதவரின் வாயில் நம் சொல்லைத் திணித்து, அதை அவர்கள் குரல் என்று விற்று, அந்த விற்பனைக்கு விழாவும் எடுக்கிற வேலை இன்றோடு போகட்டும். இந்தப் பதாகையை யாராவது இறக்குங்கள். நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே இறக்குங்கள்.

அம்மா. வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் ஊரைக் கூட்டி வைத்துச் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறீர்கள். தலைவலி மாத்திரை வாங்க வருகிறவருக்கெல்லாம், "என் பெரியவ இந்த வருஷம் இன்ஜினியர்" என்று சொல்லித்தான் சில்லறை கொடுக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நாளைக்கு அவர்கள் விசாரிப்பார்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் செய்ததற்கு நீங்கள் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவையோரே, பொறுங்கள். என் அம்மா எழுந்து நிற்கிறார். ஏதோ கேட்கிறார். சற்று அமைதியாக இருங்கள்.

"அப்ப அந்த வேலை?" என்று கேட்கிறார்.

போச்சும்மா.

"அடுத்த வருஷமாவது?" என்கிறார்.

தெரியலம்மா. வகுப்புல சேர்ந்துட்டேன். நம்ம சின்னவ வகுப்புதான். அவ எனக்கு முன் பெஞ்சு. இப்போதைக்கு அது மட்டும்தான் தெரியும். உட்காரும்மா. கால் வலிக்கும், உட்காரு.

அவையோரே, பேச எனக்கு வேறொன்றும் இல்லை. இவ்வளவு நேரம் பொறுத்திருந்த தலைவருக்கு நன்றி. எழுந்து போகாமல் இருந்தவர்களுக்கு நன்றி. எழுந்து போனவர்களுக்கு, அதுவரை இருந்ததற்காக நன்றி. இந்த மண்டபத்துக்கு வெளியே, இந்த நேரத்தில் ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும், நாம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கடந்துபோன அத்தனை மாணவர்களுக்கும், இங்கிருந்தே, இத்தனை தாமதமாக, என் வணக்கம்.